பேனை பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்

அரங்கமும் நாமும் – 9

தமிழ் மொழித் தினப் போட்டிக் காலம் வந்துவிட்டால் யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் நாடக ஒத்திகை தொடங்கிவிடும். கோட்ட மட்டம், தெஹியோவிட்ட வலய மட்டம், சப்ரகமுவ மாகாண மட்டம், அதற்கும் மேலே தேசிய மட்டம் என்று படிப்படியாக ஏற வேண்டும். பிள்ளைகள் உயிரைக் கொடுத்து நடிப்பார்கள். உடுப்புக்கு அம்மாவின் சேலை வரும், தாடிக்குப் பஞ்சு வரும். பிரதி மட்டும் பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் கையிலிருந்தோ பழைய கோப்பு ஒன்றிலிருந்தோ வரும். பிள்ளை நடிக்கும், பெரியவர் எழுதுவார். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. ஆனாலும் அப்படித்தான் நடக்கிறது.

சென்ற வாரம் குழந்தை ம. சண்முகலிங்கத்தைப் பற்றிப் பார்த்தோம். 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர், 1985இல் ‘மண் சுமந்த மேனியர்’ தந்தவர், 2025 ஜனவரியில் தமது 93ஆவது வயதில் மறைந்தவர். பாடசாலைப் பிள்ளைகளுக்காகவே அவர் எழுதிய நாடகங்கள் பல. இந்த வாரம் அங்கிருந்து ஒரு படி தள்ளிப் போவோம். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை தானே ஒரு நாடகத்தை எழுதினால் அதை என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் ஒருவர் தம் சொந்த அனுபவத்திலிருந்தே விடை கண்டார். ஸ்டீபன் சொண்ட்ஹைம், பின்னாளில் பிராட்வே இசை நாடகத்தின் போக்கையே மாற்றியவர். பதினைந்து வயதில் தன் பாடசாலையைப் பற்றி ‘பை ஜார்ஜ்’ என்று ஓர் இசை நாடகம் எழுதினார். ‘ஒக்லஹோமா’ எழுதிப் புகழின் உச்சியில் இருந்த ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் அவருடைய நண்பனின் தந்தை. பிரதியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, எழுதியவனைத் தெரியாதது போல் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பையனின் மனதில் பிராட்வே மேடையே வந்துவிட்டது.

ஹாமர்ஸ்டைன் ஒளிக்கவில்லை. மிக மோசமான நாடகம் என்றார். ஆனால் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை, ஏன் மோசம் என்று பார்ப்போம் வா என்று உட்கார வைத்தார். முதல் பக்கத்து மேடைக் குறிப்பில் தொடங்கி, காட்சி காட்சியாக, பாட்டுப் பாட்டாக, வரி வரியாகப் போனார். அந்த ஒரு பிற்பகலில் கற்றதைப் பலர் வாழ்நாள் முழுக்கக் கற்பதில்லை என்று சொண்ட்ஹைம் கடைசிவரை சொல்லி வந்தார். பெரியவர் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை, பொய்யாக முதுகில் தட்டிக் கொடுக்கவுமில்லை. ஒரு சக எழுத்தாளனின் பிரதியைப் பார்ப்பது போல் பார்த்தார். அவ்வளவுதான்.

1981இல் சொண்ட்ஹைம் நியூயோர்க்கில் இளம் நாடகாசிரியர்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். லண்டனின் ரோயல் கோர்ட் அரங்கு நடத்திவந்த இளம் எழுத்தாளர் விழாதான் முன்மாதிரி. அங்கே இளையோர் பிரிவை நடத்திய ஜெரல்ட் சாப்மனையே அழைத்து வந்து பொறுப்பைக் கொடுத்தார். பதினெட்டு வயது வரையுள்ள எவரும் பிரதி அனுப்ப முடிந்தது. தேர்வான பிரதிக்குத் தொழில்முறை இயக்குநர், தொழில்முறை நடிகர்கள். முதலில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பார்கள். எழுதிய பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் நடிகரின் நாக்கு தடுக்குகிறது, எந்த இடத்தில் அறை சிரிக்கிறது, எங்கே எல்லோரும் கொட்டாவி விடுகிறார்கள் என்பதையெல்லாம் பிள்ளை தன் காதாலேயே அறிந்துகொள்ளும். பிறகு திருத்தி எழுதும். ஒத்திகையிலும் கூட இருக்கும். 1982 விழாவுக்குத் தெரிவானவர்களில் ஒருவர் கென்னத் லொனர்கன். ‘மான்செஸ்டர் பை த சீ’ படத்தின் திரைக்கதைக்காக 2017இல் ஆஸ்கர் பெற்றவர் அவர்தான்.

லண்டன் விழாவில் 1980இல் மேடையேறிய ஒரு நாடகம் நமக்கு இன்னும் கிட்டத்தில் நிற்கிறது. அன்ட்ரியா டன்பார், பிராட்பர்ட் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவள். பதினைந்து வயதில் பாடசாலைப் பரீட்சைக்கான வேலையாகத் தன் தெருவையும் வீட்டையும் பற்றி எழுதினாள். கொப்பியிலிருந்து கிழித்த தாள்களில் பச்சைப் பேனையால் எழுதிய ‘த ஆபர்’ நாடகம் ரோயல் கோர்ட்டின் மக்ஸ் ஸ்டாபர்ட்-கிளார்க்கின் கைக்குப் போனது. அதில் குடிகாரத் தகப்பன் பேசும் பேச்சு, சண்டைக்காரிகளின் வசவு, எல்லாம் அந்தத் தெருவில் கேட்டபடியே இருந்தன. இலக்கணம் திருத்தி நல்ல ஆங்கிலமாக்க வேண்டும் என்று அரங்கு நினைக்கவில்லை. முதலில் சிறிய நாடகமாகவே போட்டார்கள், பிறகுதான் இன்னும் எழுது என்று கேட்டு முழு நாடகமாக்கினார்கள்.

அவளுடைய கதையில் கசப்பும் உண்டு. எங்களைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று அயலவர் சிலர் கோபப்பட்டார்கள். 1990இல் இருபத்தொன்பது வயதில் இறந்துபோனாள். மேடை ஏற்றிய கையோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது என்பதை அந்தக் கதை காட்டுகிறது. நம் தோட்டத்து லயத்தில் இது இன்னும் கூர்மையானது. பத்துக் காம்பரா ஒட்டி நிற்கும் இடத்தில், மேடையில் குடித்துவிட்டு வரும் அப்பா யாருடைய அப்பா என்று கேட்கவே தேவையில்லை. ஆகவே எதைக் காட்டுவது, எதை மாற்றுவது என்று பிள்ளையோடு முன்கூட்டியே பேசவேண்டும். முடிவு பிள்ளையுடையதாக இருக்கவேண்டும்.

இனி நம் பக்கம் வருவோம். கித்துல்கலையில் களனி கங்கைக் கரையில் ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்குப் பாலம் கட்டி வெடிவைத்தார்கள். 1957இல் வெளிவந்த அந்தப் படத்தில் நம் ஆறும் மலையும் வேறொரு நாடாக நடித்தன. ஆனால் இந்த மலையில் இருப்பவர்களுக்குச் சொந்தமாக ஒரு மேடை முன்பே இருந்தது. மாசி மூன்றாம் பிறையில் காமன் ஊன்றி, பௌர்ணமி இரவில் மன்மதன் எரிந்து முடியும்வரை தப்புச் சத்தத்தில் தோட்டமே விழித்திருக்கும் காமன் கூத்து. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று இன்னும் உண்டு. ரதியாக ஆடும் பையனுக்கு அடியும் பாட்டும் கூத்து வாத்தியார் சொல்லிக் கொடுத்தவை. பகலில் கொழுந்து மூட்டை தூக்குபவர் இரவில் வீரபத்திரராக வருவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, நடிப்பது எப்படி என்று புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தன் காலத்துக் கதையைத் தானே எழுதலாம் என்ற அனுமதிதான் தேவை.

அனுமதி கிடைத்தால் மொழி எப்படி மாறும் என்று பாருங்கள். போட்டி நாடகத்து மகள், ‘தாயே, எமது வறுமை என்று தீரும்?’ என்று கேட்பாள். லயத்து மகள் அப்படிக் கேட்கமாட்டாள்.

‘அம்மா, இன்னைக்கும் அரைப் பேரா?’

‘மொதல்ல அடுப்புல தண்ணிய வையி.’

இது கற்பனைக்கு எழுதிய இரண்டு வரிதான். சொன்ன நிறைக்குக் கொழுந்து சேராவிட்டால் அரைநாள் சம்பளம் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தாய் பதில் சொல்லாமல் வேலை ஏவுவதிலேயே காட்சி பிறந்துவிடுகிறது. இறப்பர் மலைப் பிள்ளை எழுதினால் வேறு மாதிரி எழுதும். விடியற்காலையில் மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, அன்றைய சம்பளமும் இல்லை. மற்றப் பிள்ளைகள் மழைக்குப் பாடசாலை லீவு கிடைக்குமா என்று பார்க்க, இவள் வேறு கணக்குப் போட்டு வானத்தைப் பார்ப்பாள். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மலை சரிந்ததை நேரில் அறிந்த குடும்பங்களில், அதே மழை இன்னொரு பயமாகவும் பேசப்படும்.

மொழி விஷயத்தில் சப்ரகமுவப் பிள்ளைகளுக்கு ஒரு தனி வசதி உண்டு. வீட்டில் தமிழ், கடைவீதியிலும் பஸ்ஸிலும் சிங்களம். ஒரே காட்சியில் இரண்டும் கலந்து ஓடுவது இங்கே இயல்பு. நாடகம் என்றதும் அந்தச் சிங்களத்தை வெட்டிவிடுகிறோம். பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய நடமாடும் அரங்கான ‘ஜனகரலிய’, தமிழில் ‘மக்கள் களரி’, இரண்டு மொழி இளைஞர்களையும் ஒரே குழுவாக வைத்து, சிங்களப் பிள்ளைகளைத் தமிழிலும் தமிழ்ப் பிள்ளைகளைச் சிங்களத்திலும் நடிக்கவைத்தது. கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. இரு மொழி மேடையைப் பார்வையாளர் ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிள்ளைகளை எழுதவைக்கும் இந்த வேலையை யட்டியாந்தோட்டையில் செய்யப் பெரிய மண்டபம் வேண்டாம். பிள்ளைகளிடம் பத்துப் பக்கத்துக்கு மேற்படாத பிரதி கேட்கலாம். வந்த ஒவ்வொன்றுக்கும், தேர்வாகாததற்கும், அரைப் பக்கமாவது எழுத்தில் பதில் கொடுக்கவேண்டும். தேர்வான மூன்று, நான்கு பிரதிகளை உயர்தர மாணவர்களும், அப்பா, தாத்தா பாத்திரங்களுக்குத் தோட்டத்துக் கூத்துக் கலைஞர்களும் சேர்ந்து உரக்க வாசிக்கலாம். மேல் டிவிசன் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு போய்ச் சேரவேண்டுமென்பதால், வாசிப்பைப் பின்னேரத்தில் வைக்காமல் சனிக்கிழமைக் காலையில் வைப்பது நல்லது. ஆசிரியரின் வேலை கேள்வி கேட்பது. இவளுக்கு என்ன வேண்டும்? யார் தடுக்கிறார்கள்? இந்த வரியை உண்மையில் இப்படித்தான் சொல்வாளா? விடையைப் பிள்ளை எழுதட்டும். ‘நான் கொஞ்சம் திருத்தித் தாறன்’ என்று டீச்சரோ சேரோ பேனையைக் கையில் எடுத்த நிமிடமே அது வேறொருவரின் நாடகமாகிவிடும்.

ஆசிரியர்களைக் குறை சொல்வதற்கில்லை. போட்டியில் புள்ளி பெரும்பாலும் கிடைப்பது மேடையில் தெரியும் நடிப்புக்கும் ஒழுங்குக்கும். தோற்றால் பதில் சொல்லவேண்டியவர்களும் அவர்களே. பிள்ளையின் தடுமாற்றமான பிரதியை நம்பி இறங்கு என்று அவர்களிடம் மட்டும் சொல்வது நியாயமில்லை. மாணவர் தாமே எழுதிய பிரதிக்கென்று ஒரு தனிப் பிரிவை வலய மட்டத்திலாவது வைத்துப் பார்க்கலாம். அதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். போட்டி விதிகளில் ஒரு வரி கூடினால் போதும். அந்த வரியை எழுதவேண்டியவர்கள் பெரியவர்கள்தான்.

(அடுத்த வாரம்: கூத்து வாத்தியாரிடமிருந்து பாடசாலை மேடை கற்கக்கூடியவை)