நரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை

எழுதப் பழகும் பருவம் – 9

கதை சொல்லி முடித்ததும் நம் தொடக்கப் பள்ளிகளில் வழக்கமாக எழும் கேள்வி, 'இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?' என்பதுதான். 'பொய் சொல்லக் கூடாது டீச்சர்', 'ஒத்துமையா இருக்கணும் டீச்சர்' என்று பதில்கள் வரிசைகட்டி வரும். கதையைக் காதில் வாங்காத பிள்ளைகூட அதைச் சொல்லிவிடும். அத்துடன் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். அதை எழுதியவர் எப்படி எழுதினார் என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

'பாட்டி வீட்டுக்குப் போனேன். ஜாலியாக இருந்தது. திரும்பி வந்தேன்.' பிள்ளைகளின் கட்டுரை ஏன் இப்படி மூன்றே வரியில் முடிந்துவிடுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு ஒரு மருந்து, எழுத்துக்கூட்டி வாசிக்கும் பருவத்துக்கென்று நாம் ஒதுக்கிவைத்திருக்கும் படக்கதைப் புத்தகத்திலேயே இருக்கிறது.

32 சொல், ஒரே வாக்கியம்

பிரிட்டனைச் சேர்ந்த பாட் ஹட்சின்ஸ் எழுதி, வரைந்து, 1968இல் வெளியான புத்தகம் 'ரோஸிஸ் வாக்'. ரோஸி என்ற கோழி பண்ணையில் உலாவப் போகிறது. முற்றம், குளம், வைக்கோல் போர், மாவு மில், வேலி, தேனீப் பெட்டிகள் என எல்லாவற்றையும் கடந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. ஆங்கிலத்தில் மொத்தமே 32 சொற்கள். அத்தனையும் ஒரே வாக்கியம்.

படத்திலோ வேறு கதை ஓடுகிறது. கோழிக்குப் பின்னால் ஒரு நரி. பாயும்போதெல்லாம் அதற்கு ஓர் அடி விழுகிறது. குப்பைவாரியின் பல்லில் கால் வைக்க, கைப்பிடி எழும்பி மூக்கில் அறைகிறது. குளத்தில் விழுகிறது, மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. எழுத்தில் நரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ரோஸியும் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இரண்டாம் பக்கத்திலேயே வகுப்பு கத்த ஆரம்பித்துவிடும்: 'டீச்சர், பின்னாடி நரி!' பாடத்தை இங்கே தொடங்கலாம். 'நரி இருக்குன்னு எழுதவே இல்லையே, ஏன் எழுதாம விட்டாங்க?' என்று கேளுங்கள். 'எழுதிட்டா நமக்குச் சிரிப்பு வராது', 'கோழிக்குத் தெரிஞ்சிடும்' என்ற மாதிரி பதில்கள் வரலாம். இரண்டும் தரமான இலக்கிய விமரிசனம்தான். எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் எழுத்தாளரின் முடிவு என்பதை எட்டு வயதுப் பிள்ளை இப்படித்தான் கண்டுகொள்கிறது.

ஒரே வாக்கியத்தில் உலாவரும் வித்தைக்குத் தமிழ் வாகாக வளைந்து கொடுக்கும். தாண்டி, சுற்றி, நுழைந்து, ஏறி என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால் ஒரு வாக்கியம் ஊரையே சுற்றி வந்துவிடும். ஆசிரியர் கரும்பலகையில் இப்படி ஒன்றை எழுதிக் காட்டலாம்: 'ரேஷன் கடையிலிருந்து கிளம்பி, குழாயடியைத் தாண்டி, வேப்பமரத்தைச் சுற்றி, மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்து, திண்ணையில் ஏறி, குமார் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தான்.' படத்தில் குமாரின் பை ஓட்டை. வழியெல்லாம் சர்க்கரை கொட்டியிருக்கிறது, பின்னால் எறும்புச் சாரை. எழுத்தில் சர்க்கரையும் கிடையாது, எறும்பும் கிடையாது. 'இப்ப உங்க தெருவுல ஒருத்தரை நடக்க விடுங்க. அவருக்குத் தெரியாம என்ன நடக்குது?' என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

பத்திரிகையாளரிடமிருந்து வந்த பாடம்

எழுதுபவரின் கண்ணோடு வாசிக்கும் இந்தப் பழக்கம் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1954இல் தலையங்க எழுத்துக்காகப் புலிட்சர் பரிசு பெற்றவர் டொனால்ட் முர்ரே. பின்னாளில் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் எழுத்து கற்பித்தார். எழுதி முடித்த தாளைத் திருத்துவதைவிட, எழுதும் முறையைக் கற்றுக்கொடுப்பதே ஆசிரியரின் வேலை என்பது அவர் வாதம். அங்கேயே பணியாற்றிய டொனால்ட் கிரேவ்ஸ் அதைச் சின்னப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார். 1978 முதல் 1980 வரை, அதே மாநிலத்தின் ஆட்கின்சன் ஊர்ப் பள்ளியில், லூசி கால்கின்ஸ், சூசன் சோவர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, பிள்ளைகள் எழுதும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் முதலில் படம் வரைந்துவிட்டு, பிறகு எழுதினார்கள். படம் வரைவது பொழுதுபோக்கு அல்ல, எழுத்துக்கான ஒத்திகை என்றார் கிரேவ்ஸ்.

கேட்டி வுட் ரே 1999இல் எழுதிய 'வொண்டரஸ் வேர்ட்ஸ்' அடுத்த படி. பிள்ளைக்கு அது ஐந்து வேலைகள் சொல்கிறது. புத்தகத்தில் கண்ணில் பட்ட ஒன்றைக் கவனி. எழுத்தாளர் ஏன் அப்படிச் செய்திருப்பார் என்று பேசு. அதற்கு ஒரு பெயர் வை. வேறு எந்தப் புத்தகத்தில் இதைப் பார்த்தாய் என்று யோசி. உன் எழுத்தில் எங்கே பயன்படுத்தலாம் என்று பார். இந்த ஐந்தில் எனக்குப் பிடித்தது மூன்றாவது. இலக்கணப் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வகுப்பு 'நரி வித்தை' என்று பெயர் வைத்தால் அதுவே போதும். பெயர் வைத்த பொருளைத் திரும்பக் கேட்டு வாங்கலாம்: 'உன் கதையில ஒரு நரி வித்தை போட முடியுமா?'

பெரிதாகும் படம்

அடுத்த வித்தைக்கு மாரிஸ் செண்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' (1963). சேட்டை செய்து, சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட மாக்ஸ், கொடும் விலங்குகளின் தீவுக்குப் போய் ராஜாவாகித் திரும்பும் கதை. தொடக்கத்தில் படம் சிறியது, சுற்றிலும் வெள்ளை இடம். அறைக்குள் காடு முளைக்க முளைக்கப் படமும் வளர்கிறது. விலங்குகளின் கூத்து வரும்போது அடுத்தடுத்து மூன்று இரட்டைப் பக்கங்கள் முழுக்கப் படம்தான், ஓர் எழுத்து இல்லை. வீடு திரும்பத் திரும்பப் படம் சுருங்கி, கடைசிப் பக்கத்தில் படமே இல்லாமல் சில சொற்கள் மட்டும் மிஞ்சுகின்றன.

முக்கியமான இடத்துக்கு நிறைய இடம் கொடு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. 'ஊர்த் திருவிழா' என்று தலைப்பு கொடுத்தால், காலையில் எழுந்ததற்கும் பல் தேய்த்ததற்கும் தேர் அசைந்ததற்கும் ஆளுக்கொரு வரி கொடுப்பது பிள்ளைகளின் வழக்கம். 'உன் கதையில எந்தப் பக்கத்துக்கு ரெண்டு பக்க இடம் வேணும்?' என்று கேட்டால் விரல் தேரின் மேல்தான் போகும். அங்கே மட்டும் இன்னும் நாலு வரி எழுதச் சொல்லுங்கள்: சத்தம், கூட்டம், கையில் வடம் உரசியது.

வகுப்பில் செய்ய

முதல் வாசிப்பில் கேள்வியே வேண்டாம், கதையை ரசிக்கட்டும். வித்தை தேடுவது மறுநாள் வாசிப்பில். ஒரு புத்தகத்துக்கு ஒரு வித்தை போதும். எழுத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுங்கள், பிறகு படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் வாசியுங்கள். எது எந்த வேலையைச் செய்கிறது என்பது தானாகத் தெரியும்.

பெரிய தாளை அச்சிட்டு மடித்து வெட்டுவதால் படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கமாக வரும். நம் வகுப்புக்கு ஓர் ஏ4 தாள் போதும். எட்டுக் கட்டமாக மடித்து, நடுவில் ஒரு கோடு வெட்டி, திரும்ப மடித்தால், அட்டையோடு சேர்த்து எட்டுப் பக்கப் புத்தகம் தயார். பக்கம் திருப்பும் இடம் வந்ததும் கதை சொல்லும் விதமே மாறிவிடும். ஆச்சரியத்தை அடுத்த பக்கத்துக்கு ஒளித்துவைக்கப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் புத்தகம் கைக்கு வராவிட்டால் பரவாயில்லை. சென்னையின் தூலிகா பதிப்பகம் 1996 முதல் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகத் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன லூசி கால்கின்ஸின் வாசிப்புப் பாடத்திட்டம், எழுத்தொலிப் பயிற்சி போதாது என்றும், படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிக்கப் பழக்கியது என்றும் கடும் விமரிசனத்துக்கு ஆளாகி, 2022இல் திருத்தப்பட்டது. படத்தை வைத்து எழுத்துக் கலையைப் பேசுவது வேறு, படத்தைப் பார்த்துச் சொல்லை ஊகிப்பது வேறு. உயிர்மெய்யை ஊன்றிக் கற்பிப்பதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு பாடவேளை, இது இன்னொன்று.

பிள்ளை கொண்டுவந்து நீட்டும் எட்டுப் பக்கப் புத்தகத்தின் கீழே 'நன்று' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 'நாலாம் பக்கத்தில் நரி வித்தை போட்டிருக்கிறாய், அதைப் பார்த்துச் சிரித்தேன்' என்று எழுதுங்கள். எது வேலை செய்தது என்று தெரிந்த பிள்ளை அதை மறுபடியும் செய்யும்.

(அடுத்த வாரம்: சிவப்பு மை எப்போது, எவ்வளவு?)