பிடி கொடுக்காத 196

மாணவர்களே, 87 என்று தாளில் எழுதுங்கள். அதைத் திருப்பிப் போட்டுக் கூட்டுங்கள்: 87 + 78 = 165. விடையையும் அப்படியே செய்தால் 726, 1353, பிறகு 4884! ‘விகடகவி’ என்ற சொல்லைப்போல இருபுறமும் ஒன்றாக வாசிக்கலாம். 89க்குப் பொறுமை வேண்டும்; 24 கூட்டலுக்குப் பிறகே 8813200023188 கிடைக்கும்.

இனி 196. பார்வைக்குச் சாது, 14இன் வர்க்கம். (இலக்கங்களை இடம் மாற்றினால் வரும் 169, 961 ஆகியவையும் வர்க்கங்களே!) கூட்டிப் பாருங்கள்: 887, 1675, 7436, 13783... விகடகவியைக் காணோம். ஜான் வாக்கர் என்பவர் 1987இல் இவ்வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார். அது 24 லட்சம் கூட்டல்களுக்கு மேல் செய்து, 1990இல் பத்து லட்சம் இலக்கமுள்ள எண்ணில் வந்து நின்றது. பலனில்லை. பின்வந்தவர்கள் பல கோடி இலக்கங்கள்வரை போயும் அதே கதைதான்.

அப்படியானால் வரவே வராதா? எங்கள் பௌதிகத்தில் இத்தனை சோதனை போதும், விதி என்றே எழுதிவிடுவோம். கணிதம் ஒப்பாது. அடுத்த கூட்டலிலேயே வந்துவிட்டால்?

நிரூபணமே முடியாத விஷயம் என்றும் எண்ணாதீர்கள். 0, 1 மட்டுமே கொண்ட இரும முறையில் 10110, அதாவது நம் 22, ஒருபோதும் விகடகவி ஆகாது என்று நிரூபித்துவிட்டார்கள். நான்கு கூட்டலில் அது 10110100 ஆகும். அடுத்த நான்கில் 1011101000. அதற்கடுத்த நான்கில் 101111010000. நடுவில் ஒரு 1, கடைசியில் ஒரு 0 என்று ஒரே அமைப்பில் நீண்டுகொண்டே போகும். இடையில் வருபவையும் விகடகவி அல்ல.

பதின்ம முறையில், 196க்கு இப்படி ஓர் ஒழுங்கு இதுவரை யாருக்கும் அகப்படவில்லை.