கோசாயிகுண்டம் செல்லும் வழி

ஆழமறியாமற் காலை விடாதே என்பது நம் முன்னோர் கூறிய முதுமொழி. நீர்நிலையைக் குறித்து எழுந்த இம்மொழி மலைக்கும் பொருந்துவதாகும். ஆழமறியாது இறங்கினவனைப் போலவே, உயரமறியாது ஏறினவனும் மூச்சுக்கு வருந்துவான். இவ்வுண்மையை நாமே வகுத்த ஒரு திட்டத்தின் பிழையினால் அறிந்தோம். ஆதலின் அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

வருகின்ற கோடை விடுமுறையில் நேபாள நாட்டிலுள்ள கோசாயிகுண்டம் என்னும் ஏரியைக் கண்டுவர வேண்டுமென்று மாணவர் அறுவர் எண்ணங்கொண்டோம். அவ்வேரி காத்மாண்டு நகருக்கு வடக்கே ரசுவா மாவட்டத்தில், 1976-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற லாங்டாங் தேசியப் பூங்காவினுள், கடல் மட்டத்திற்குமேல் 4,380 மீட்டர் உயரத்தில் உள்ளது. பண்டைக்காலத்துப் பனியாறுகள் பாறையைக் குடைந்து சென்ற பள்ளங்களில் நீர் தேங்கி அமைந்த பல ஏரிகளுள் இது தலைமையானது. ஆண்டில் ஏறக்குறைய ஆறு திங்கள் இதன் நீர் உறைந்து கிடக்கும். ஆலகால நஞ்சையுண்ட சிவபெருமான், கண்டத்தின் வெம்மை தணியும்பொருட்டுத் திரிசூலத்தால் மலையைக் குத்த, அவ்விடத்தினின்று இந்நீர் பெருகிற்று என்பது அந்நாட்டார் கூறும் வரலாறு. நம் நாட்டில் ஆவணி அவிட்டம் நிகழும் காலத்து முழுமதி நாளில், அவர்கள் ஜனை பூர்ணிமை என்னும் விழாக் கொண்டாடி, ஆயிரக்கணக்கில் மலையேறி அந்நீரில் ஆடுகின்றனர்.

நாம் முதலில் வகுத்த திட்டம் மிகச் சுருங்கியது. மலையடியிலுள்ள துன்சே என்னும் ஊர்வரை பேருந்து செல்லும். அங்கிருந்து இரண்டு நாளில் ஏரியை அடைந்து, மூன்றாம் நாள் இறங்கிவிடலாம் என்று எழுதிவைத்தோம். அறுவரும் விளையாட்டிற் பழகியவர்கள். நடைக்கு அஞ்சுபவர் எவருமிலர். நண்பர் ஒருவரின் தமையனார் மருத்துவர். அவர் அத்தாளை வாங்கிப் பார்த்து, "தம்பிகளே, கால்களுக்குத் திட்டமிட்டிருக்கிறீர்கள், நுரையீரலுக்கு ஒரு நாளும் ஒதுக்கவில்லையே" என்றார். அதன்பின்னரே நாம் இதனை ஆராயத் தலைப்பட்டோம்.

காற்றில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு பிராணவாயு உள்ளது. மலைமேலும் அப்பங்கு மாறுவதில்லை. குறைவது காற்றின் அழுத்தமேயாம். மேலே செல்லச்செல்லக் காற்று நெகிழ்ந்துவிடுதலின், ஒரு மூச்சில் நாம் பெறும் பிராணவாயுவும் குறைகின்றது. கோசாயிகுண்டத்தின் கரையில் நின்று இழுக்கும் மூச்சு, கடற்கரையில் இழுக்கும் மூச்சில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே பயன் தரும். இக்குறையை ஈடுசெய்ய உடல் சில மாறுதல்களைச் செய்துகொள்கின்றது. மூச்சு விரைகின்றது, குருதியின் தன்மை சிறிது சிறிதாகத் திருந்துகின்றது. இதற்கு வேண்டுவன சில நாட்கள். சில மணிகள் போதா. இளமையும் உடல்வலியும் இத்தவணையைக் குறைக்கமாட்டா. வலியுடையோர் விரைந்து ஏறிவிடுதலின், அவர்களுக்கே கேடு மிகுதலும் உண்டு.

உடல் பழகுமுன் ஏறினவனுக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை தோன்றும். இது மலைநோய் எனப்படும். முற்றினால் இது இரு கொடிய வடிவங்களை அடையும். ஒன்றில் நுரையீரலில் நீர் கோத்து, அமர்ந்திருக்கும்பொழுதும் மூச்சு வாங்கும். மற்றொன்றில் மூளை வீங்கி, நடை தள்ளாடி, அறிவு மயங்கும். இரண்டும் உயிரைக் கவர வல்லவை. ஜனை பூர்ணிமைக்கு ஏறுவோரை ஆராய்ந்த மருத்துவர்கள், விரைந்து ஏறிய அடியார் பலர் இந்நோய்க்கு ஆளாவதைக் கண்டுள்ளனர். நேர்ந்துகொண்டு வந்தவர்க்கு ஏரியைக் காணாது திரும்ப மனம் வாராது. வாராமையே அவர்க்கு இடராகின்றது.

மருத்துவர் கூறும் விதி எளியது. 3,000 மீட்டருக்குமேல், ஓர் இரவு உறங்கும் இடத்தினும் மறு இரவு உறங்கும் இடம் 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருத்தலாகாது; மூன்று நான்கு நாட்களுக்கு ஒரு முறை ஏறாது தங்கவேண்டும். தங்குமிடங்கள் இவ்வளவிற்கு ஒத்து அமையாதவிடத்து, மிகுதியாக ஏறிய இடத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குதல் நன்று.

இவ்விதியைக்கொண்டு நம் திட்டத்தைத் திருத்தினோம். முதல் நாள் பேருந்தில் துன்சே. அதன் உயரம் ஏறக்குறைய 2,000 மீட்டர். இரண்டாம் நாள் தேவ்ராலி, 2,600 மீட்டர். மூன்றாம் நாள் சந்தன்பாரி, 3,300 மீட்டர். நான்காம் நாளும் அங்கேயே தங்கி, பகலிற் சிறிது ஏறி இறங்கி வருதல். ஐந்தாம் நாள் லௌரிபினா, 3,900 மீட்டர். ஆறாம் நாள் அங்கே தங்குதல். ஏழாம் நாள் விடியலிற் புறப்பட்டு ஏரியைக் கண்டு, அன்றே இறங்கித் தாழ்ந்த இடத்தில் உறங்குதல். எட்டாம் நாள் துன்சே. ஒன்பதாம் நாள் காத்மாண்டு.

குளிரையும் கணக்கிட்டோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 பாகை குறையும். காத்மாண்டு 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே 20 பாகை இருப்பின், ஏரிக்கரையில் நீர் உறையும் நிலையே இருக்கும். ஆகவே ஒரு தடித்த ஆடையினும், ஒன்றன்மேலொன்றாக அணியும் பல ஆடைகளே தக்கவை. வியர்வையில் நனைந்த துணியோடு உறங்கலாகாது. மழைக்காலம் வழுக்கும் வழியுடையது. பின்பனிக்காலத்தில் பனி வழியை மூடும். 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரேலிய மருத்துவ மாணவர் ஒருவர் இவ்வேரியைச் சார்ந்த மலைப்பகுதியில் பனிப்பொழிவில் வழிதவறி, 43 நாட்களுக்குப் பின்னரே உயிருடன் மீட்கப்பட்டார். ஆதலின் வழியறிந்த அந்நாட்டார் ஒருவரைத் துணைக்கொள்வதென்றும், எக்காரணத்தாலும் எவரும் தனித்து நடப்பதில்லை என்றும் முடிவுசெய்தோம்.

இனி, திட்டத்தில் அரிய பகுதி ஒன்றுண்டு. அஃது உடைக்கும் உணவுக்கும் உரியதன்று, நாணத்திற்கு உரியது. ஐவர் நலமாக நடக்கையில் ஆறாமவன் தன் தலைவலியைச் சொல்ல நாணுவான். தன்னால் மற்றவர் பயணம் கெடுமே என்று மறைப்பான். அம்மறைவே அவனுக்குக் கூற்றாகும். எனவே நாம் மூன்று விதிகளை எழுதி அறுவரும் கையொப்பமிட்டோம். தலைவலி கண்டவன் அன்றே சொல்லவேண்டும்; அது தீருமளவும் எவரும் மேலே ஏறலாகாது. குதிகாலை மறுகாலின் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்க இயலாதவனையும், அமர்ந்த நிலையில் மூச்சுத் திணறுபவனையும், இரவாயினும் துணையுடன் கீழே இறக்கவேண்டும். மருந்துண்டு என்று இறங்குவதைத் தாழ்த்தலாகாது. இந்நோய்க்கு இறங்குதலே முதல் மருந்து.

நாட்கள் பெருகினமையால் செலவும் பெருகிற்று. காத்மாண்டு நகரைச் சுற்றிப் பார்க்க வைத்திருந்த பணத்தை அதற்கென ஒதுக்கிவிட்டோம். நாம் இன்னும் புறப்படவில்லை. ஏரியைக் காண்போமோ, லௌரிபினாவினின்றே மீள்வோமோ அறியோம். மீளுதற்கும் ஒரு நாள் நம் தாளில் எழுதப்பட்டுள்ளது. பதறாத காரியம் சிதறாது என்பர். மலைமேற் செல்ல விழையும் நண்பர்கள் தூரத்தை அளக்குமுன் உயரத்தை அளப்பார்களாக.