டச் அண்ட் கோ!

முகப்பேர் மேற்கில் எங்கள் பிளாக் மாடி வீட்டுப் பையனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அவன் அப்பாவுக்குத் திடீரென்று நெஞ்சு வலி. ஐ.சி.யு.வில் சேர்த்திருந்தார்கள். பதறிக்கொண்டு பார்க்கப் போனால், பையன் வராந்தாவில் ஹாயாக டீ குடித்துக்கொண்டிருக்கிறான்!

''பயமில்ல சார். 'டச் அண்ட் கோ'ன்னு டாக்டரே சொல்லிட்டார். லேசா தொட்டுட்டுப் போயிடுச்சாம். பெங்களூர் அண்ணன்கிட்டகூட, சனிக்கிழமை வந்தாப் போதும்னு சொல்லிட்டேன்.''

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ''தம்பி, முதல்ல அண்ணனை உடனே கிளம்பி வரச் சொல்லு!''

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 'மீட்டிங்ல அந்த மேட்டரை டச் அண்ட் கோவா சொல்லிட்டேன்' என்று ஆபீஸில் நாமும்தானே அளக்கிறோம்? மேலோட்டமாக என்று நினைப்பு! (அதற்கு 'டச் அபான்' என்று தனியாக ஒன்று இருக்கிறது.) இங்கிலீஷ்காரனுக்கு டச் அண்ட் கோ என்றால் இழுபறி. பிழைத்தாலும் பிழைக்கலாம், போனாலும் போகலாம். ஆழமில்லாத இடத்தில் கப்பலின் அடிப்பாகம் தரையை உரசி, மாட்டிக்கொள்ளாமல் நழுவிப் போவதைத்தான் மாலுமிகள் அப்படிச் சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் அழுந்தியிருந்தால் கப்பல் அங்கேயே உட்கார்ந்துவிடும்!

அப்படியானால் நம்ம மதில் மேல் பூனையா? முழுசாக அதுவும் இல்லை. பூனை எந்தப் பக்கம் குதித்தாலும் பூனைக்கு நஷ்டமில்லை. இங்கே ஒரு பக்கம் கிணறு சார்!

கிரிக்கெட்டில் சொன்னால் சட்டென்று புரியும். 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவை ஜெயிக்க 348 வேண்டும். கடைசி ஓவரில் பாக்கி 4 ரன், கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி முதலில் இரண்டு, அப்புறம் ஒன்று எடுத்து ஸ்கோரைச் சமன் செய்துவிட்டார். மிச்சம் மூன்று பந்து, ஒரே ஒரு ரன். எதிரே மணீந்தர் சிங். ஒரு பந்தைத் தடுத்தார். அடுத்த பந்தில் எல்.பி.டபிள்யூ. என்று அம்பயர் விரலைத் தூக்க, மேட்ச் டை! டெஸ்ட் சரித்திரத்திலேயே அது இரண்டாவது டை. அன்றைக்கு டிரான்சிஸ்டரைக் காதில் வைத்திருந்தவர்களுக்கு டச் அண்ட் கோவுக்கு அகராதி பார்க்க வேண்டியதில்லை.

அண்ணன் ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலை வந்துசேர்ந்தார். அன்று பகல் முழுக்க ஐ.சி.யு. வாசலில் யாரும் டீ குடிக்கவில்லை.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். வீடு திரும்பியதும் பையனே விஷயத்தை உளற, சிரித்துக்கொண்டே சொன்னார்: ''சரியாத்தாண்டா சொல்லியிருக்கே. டச் பண்ணினது எமன். 'கோ'ன்னு அவனை விரட்டினது டாக்டர்!''