ஆலயங்கள் உரைக்கும் வரலாறு

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால், விக்டோரியா நினைவு மண்டபத்தைக் காட்டிக் கொல்கத்தாவைக் காட்டிவிட்டதாக மனநிறைவு கொள்கிறோம். இம்மாநகரின் வரலாற்றை அறிய விழைவோர் அதன் வழிபாட்டுத் தலங்களுக்கன்றோ செல்லுதல் வேண்டும்!

1787-இல் எழுந்த புனித யோவான் ஆலய வளாகத்தில் ஜாப் சார்னாக்கின் கல்லறை உள்ளது. 1690-இல் இங்குக் கும்பினியாரின் குடியிருப்புக்கு அடிகோலியவர் அவர். அக்கல்லறைக் கல், சென்னையை அடுத்த பல்லாவரத்திலிருந்து வந்தது! அப்பாறை வகைக்கு நிலநூலார் ‘சார்னகைட்’ எனப் பெயரிட்டதும் அதனாலேயே.

தர்மதலாவில் விளங்குவது திப்பு சுல்தான் பள்ளிவாசல். 1806-ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அங்குக் காவலில் இருந்த திப்புவின் மக்கள் அதன்பின் கொல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் இளையவரான குலாம் முகமது 1842-இல் இதனைக் கட்டுவித்தார்.

பாக்தாத் வழிவந்த யூதர் 1884-இல் எழுப்பிய மாகன் டேவிட் தொழுகைக்கூடம் இன்று பெரும்பாலும் ஆளரவமின்றி இருக்கிறது. யூதர் அருகிவிட்டனர், ஆயினும் முஸ்லிம் அன்பர்கள் அதனைக் கண்ணுங்கருத்துமாகக் காத்து வருகின்றனர்.

அடுத்த ஞாயிறன்று நம் குழந்தைகளை இத்தலங்களுக்கு அழைத்துச் செல்வோம். இவற்றை அறியாது வளர்ந்தால், இங்கே பிறந்தும் அவர்கள் இந்நகருக்கு விருந்தினராகவே இருந்துவிடுவர்.