கடற்பஞ்சின் நஞ்சும் குட்டைச் செடியும்

ஆழ்கடல் திட்டத்தின் ஐந்தாண்டுக் கெடு 2026-ல் முடிகிறது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை இதற்கு ஒப்புக்கொண்ட தொகை 4,077 கோடி ரூபாய். ஆழ்கடலில் இறங்கும் மத்ஸ்யா 6000 வாகனத்தை உருவாக்கும் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருப்பது வேளச்சேரி-தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில். கடலுயிர்களில் பயனுள்ளதைத் தேடுவதும் இத்திட்டத்தில் அடக்கம். பக்கத்து ஊர் விஷயம் என்பதாலோ என்னவோ, மேடவாக்கம், சேலையூர் வாசகர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கடிதங்கள் வருகின்றன: கடற்பஞ்சிலிருந்து எடுக்கும் சாறு மாடித்தோட்டத்துக்கு ஆகுமா? நர்சரியில் விற்கும் கடல்பாசித் திரவமும் இதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. பாசித் திரவம் செடியை வளர்க்கும் என்று சொல்லி விற்கிறார்கள். கடற்பஞ்சின் பெயர்பெற்ற சரக்கு, செடியை வளரவிடாமல் செய்வது.

திட்டத்தின் பட்டியலில் 'உயிர்வளத் தேடல்' என்றொரு வரி உண்டு. பயனுள்ள மூலக்கூறுகளைக் கடலில் தேடுவது என்பது அரசு தரும் பொருள். நடைமுறையில், ஓர் உயிரைக் கொண்டுவந்து அரைத்து, சாறு எதையாவது கொல்கிறதா என்று பார்ப்பதில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. பயன் அப்புறம், பல சமயம் வருவதே இல்லை.

செங்கடலில் நெகோம்பாட்டா மேக்னிஃபிகா என்ற கடற்பஞ்சு இருக்கிறது. அழுத்தினால் செந்நிறச் சாறு கசியும். மீன்கள் விலகி ஓடும். அந்தச் சாற்றிலிருந்து 1980-ல் டெல் அவிவ் பல்கலைக்கழக வேதியியலாளர் யோயல் காஷ்மன் குழுவினர் பிரித்தெடுத்ததுதான் லாட்ருன்குலின்.

இது வேலை செய்யும் விதம்தான் கெட்டிக்காரத்தனம். செல்லுக்குள் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகள் ஒரு முனையில் வளர்ந்துகொண்டும் மறுமுனையில் உதிர்ந்துகொண்டும் இருக்கின்றன. லாட்ருன்குலின் இழையை வெட்டுவதில்லை. உதிரியாகத் திரியும் ஆக்டினை, ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பிடித்துவைத்துக்கொள்கிறது. தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுண்ட்டரில் முன்னால் நிற்பவர்கள் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருக்க, புதிதாக வருபவர்களை வாசலிலேயே மடக்கிவிட்டால், யாரையும் விரட்டாமலே வரிசை கரைந்துபோகும். அதேபோல இழையும் தன் வழக்கமான உதிர்தலாலேயே அழிகிறது.

செடியில் என்ன ஆகும்? 1999-ல் அமெரிக்காவில் மக்காச்சோள மகரந்தத்தில் பார்த்தார்கள். லாட்ருன்குலின் பி என்ற வகை, லிட்டருக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் இருந்தபோது மகரந்தம் முளைப்பது பாதியானது. முளைத்த குழல் நீள்வதோ அந்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கே நின்றுபோனது. 2001-ல் ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் விசித்திரம். முளைக்கும்போதே இந்த நஞ்சைக் கொடுத்த அராபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் நாற்றுகளும் ரை தானிய நாற்றுகளும் சாகவில்லை. செல்கள் பிரிந்தன, பிரியும் தளம் மட்டும் பல இடங்களில் கோணலானது. வேர், இலை எல்லாம் முறைப்படி வந்தன. செல் நீளவில்லை, அதனால் செடி போன்சாய் போலக் குட்டையாக நின்றது. உருவம் அமைவது வேறு, உயரம் கூடுவது வேறு என்று பிரித்துக் காட்டியது ஒரு கடற்பஞ்சு.

கவலைக்குரியதும் இதே இடம்தான். மக்காச்சோளத்தில் உள்ள ஆக்டினும் மனிதரின் ஆக்டினும் ஏறக்குறைய ஒன்று. களையை மட்டும் பிடி, அடிப்பவரை விட்டுவிடு என்று இதனிடம் சொல்ல முடியாது. அதனால்தான் இது பூச்சிமருந்துக் கடைக்கு வராமல், ஆய்வகக் கருவியாக மில்லிகிராம் கணக்கில் விற்கிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கடற்பஞ்சு செடியா? விலங்கு.

எல்லாக் கடற்பஞ்சும் இப்படியா? இல்லை, ஜாஸ்பிஸ் இனத்தின் ஜாஸ்பிளாக்கினோலைடு இழையை உதிரவிடாமல் இறுக்குகிறது.

மருந்தே வந்ததில்லையா? வந்தது, ரத்தப் புற்றுக்கான சைட்டராபின் கரீபியக் கடற்பஞ்சின் மூலக்கூறைப் பார்த்து உருவானது.

மன்னார் வளைகுடா கடற்பஞ்சை வெளிநாட்டு நிறுவனம் ஆய்வுக்கு எடுக்கலாமா? தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும்.

ஆழ்கடல் திட்டத்தின் கெடு முடிந்ததும் வரும் அறிக்கையில் எதைத் தேடுவது? மூலக்கூறின் பெயர், அது பிடிக்கும் புரதம், வேலை செய்யும் அளவு. மூன்றும் இருந்தால் கண்டுபிடிப்பு; இல்லாவிட்டால் விளம்பரம்.