இல்லாத வசதியைக் கேட்டுப் பெறுதல்
பாடம் அமைக்கும் மென்பொருள்களும் பயனர் கோரிக்கைகளும்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள் நம் பெரியோர். வீட்டுக்கு மட்டுமன்றிக் கணினி உலகுக்கும் இப்பழமொழி பொருந்தும். நாம் பயன்படுத்தும் மென்பொருள்களில் இன்று காணப்படும் வசதிகளில் பல, யாரோ ஒருவர் "இது இல்லையே, இருந்தால் நல்லதே" என்று எழுதிக் கேட்டதால் வந்தவை. இணையவழிக் கற்றலுக்கான பாடங்களை அமைக்கும் மென்பொருள்களில் இதனை மிகத் தெளிவாகக் காணலாம்.

பாடம் அமைக்கும் மென்பொருள் என்றால் என்ன? ஆசிரியர் ஒருவர் செய்நிரல் எழுதத் தெரியாமலேயே எழுத்து, படம், குரல், காணொளி, வினாக்கள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்துத் திரையில் ஓடும் பாடமாக்க உதவும் கருவி அது. அடோபி நிறுவனத்தின் கப்டிவேட், நோர்வேயில் 2013இல் தொடங்கப்பட்ட எச்5பி என்பன இவ்வகையின. மூடில் போன்ற கற்றல் முகாமைத்துவ மென்பொருள்களுக்குள்ளும் பாடம் அமைக்கும் வசதி உண்டு. இத்தகைய கருவியில் ஒரு வசதி இல்லாதபோது சிரமப்படுபவர் ஆசிரியர் மட்டுமல்லர். அவருக்குப் பின்னால் இருக்கும் மாணவர் கூட்டமும் அக்குறையைச் சுமக்கிறது.

முதல் கோரிக்கைப் புத்தகம்

இதன் வரலாறு அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தில் 1960இல் டொனால்ட் பிட்சர் என்பவர் தலைமையில் பிளேட்டோ என்னும் கணினிவழிக் கற்பித்தல் முறைமை தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் அதற்குப் பாடம் எழுதுவது செய்நிரலாளருக்கே உரிய வேலையாக இருந்தது. உயிரியல் துறையில் மேற்படிப்பு மேற்கொண்டிருந்த போல் டென்சார் என்பவருக்கு இது பெருங்குறையாகப் பட்டது. கணினி நிபுணர் அல்லாத ஆசிரியரும் பாடம் எழுதத்தக்க 'ரியூட்டர்' என்னும் மொழியை அவர் 1967இல் உருவாக்கினார். ஒரு விடையை மாணவர் பல விதமாக எழுதக்கூடும் என்பதை உணர்ந்து, முக்கியமற்ற சொற்களைப் புறக்கணிக்கவும், ஒத்தசொற்களை ஏற்றுக்கொள்ளவும், எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டவும் அம்மொழியில் வழி இருந்தது. பாடம் எழுதியோர் கேட்கக் கேட்க அதில் புதிய கட்டளைகள் சேர்ந்துகொண்டே போயின.

கோரிக்கைகள் பெருகியபோது அவற்றை எங்கே பதிவது என்ற கேள்வி எழுந்தது. முதலில் எல்லோரும் எழுதக்கூடிய ஒரு பொதுக் கோப்பு வைக்கப்பட்டது. ஆனால் ஒருவர் எழுதியதை மற்றொருவர் மாற்றவோ அழிக்கவோ முடிந்தது. எழுதியவர் யார் என்பதற்கும் உறுதியில்லை. இதற்குத் தீர்வாக, 1973இல் டேவிட் வூலி என்னும் பதினேழு வயது மாணவர் 'நோட்ஸ்' என்ற செய்நிரலை எழுதினார். ஒவ்வொரு குறிப்பும் எழுதியவர் பெயரோடும் திகதியோடும் பதிவாகியது. அதன்கீழே மற்றவர்கள் பதில் எழுதலாம். குறையைச் சொல்வதற்காகப் பிறந்த இச்செய்நிரல், இணையவழிக் கலந்துரையாடலின் முன்னோடிகளுள் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது. கோரிக்கை அழியாமல் இருக்கவேண்டும், யார் கேட்டார் எனத் தெரியவேண்டும், பதில் எல்லோருக்கும் தெரியவேண்டும் என்ற மூன்று நியமங்களும் இன்றுவரை மாறவில்லை.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

எத்தகைய வசதிகள் இல்லாமற் போகின்றன? நம் மொழியிலிருந்தே ஓர் உதாரணம் காண்போம். சுருக்கவிடை வினா ஒன்றுக்கு விடை 'கொழும்பு' என வைத்துக்கொள்வோம். மாணவி சரியாகவே எழுதுகிறாள். மென்பொருளோ பிழை என்கிறது. காரணம் என்ன? யுனிகோட் முறையில் 'கொ' என்பதை இரு வழிகளில் சேமிக்கலாம். 'க' உடன் கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறியை இடுவது ஒரு வழி. கொம்பைத் தனியாகவும் அரவைத் தனியாகவும் இடுவது மற்றொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு குறித்தொடர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட வினாத்தாளைக் கவனமற்ற ஒரு மாற்றியின் மூலம் யுனிகோட்டுக்குக் கொண்டுவந்தால் இத்தகைய சிக்கல் நேரலாம். இவ்விரண்டும் சமம் என்று யுனிகோட் தரநிலையே வரையறுத்துள்ளது. ஒப்பிடுவதற்கு முன்னர் இரண்டையும் ஒரே வடிவாக்கும் படிமுறையை மென்பொருள் செய்தாலே போதும்.

இதைவிடச் சிக்கலானது 'ஸ்ரீ'. நம் தலைநகரின் பெயரை எழுதச் சொன்னால் முதல் எழுத்தே அதுதான். அதனை 'ஸ' என்ற எழுத்தை அடியாகக் கொண்டும் எழுதலாம். யுனிகோட்டில் 2005இல் சேர்க்கப்பட்ட 'ஶ' என்ற எழுத்தை அடியாகக் கொண்டும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்தான். இவற்றைச் சமம் என்று தரநிலை சொல்லவில்லை. ஆகவே யாராவது தமிழர் எடுத்துச் சொன்னாலன்றி, வெளிநாட்டிலிருக்கும் செய்நிரலாளருக்கு இப்படியொரு பிரச்சினை உண்டென்பதே தெரியாது.

தமிழ்ப் பாடத்தினுள் ஓர் அறபு வாக்கியத்தை இடும்போதும் இதுபோன்ற இடர் உண்டு. தமிழ் இடமிருந்து வலமாகச் செல்ல, அறபு வலமிருந்து இடமாகச் செல்லும். இருதிசை எழுத்தைக் கையாளத் தெரியாத கருவியில் நிறுத்தக்குறிகளும் அடைப்புக்குறிகளும் இடம்மாறிப் போகும். சில வேளைகளில் அறபு எழுத்துகள் ஒன்றோடொன்று இணையாமல் தனித்தனியே நிற்கும். பொருளைக் கற்பிக்க இட்ட வரியே பொருளிழந்து நிற்கும்.

எல்லாக் குறையும் கருவியின் குறையன்று

சில வேளைகளில் நாம் கேட்கும் வசதியைக் கருவியை உருவாக்கியவர் நினைத்தாலும் தரமுடியாது. ஒரு கருவியில் அமைத்த பாடம் மற்றொரு முறைமையில் ஓடவேண்டுமாயின் இரண்டுக்கும் பொதுவான உடன்பாடு தேவை. ஸ்கோர்ம் என்பது அத்தகைய ஒரு தரநிலை. 2001இல் வெளியான அதன் 1.2 பதிப்பு, மாணவர் பாடத்தை எவ்விடத்தில் நிறுத்தினார், எவற்றுக்கு விடையளித்தார் என்பன போன்ற விபரங்களைச் சேமிக்க 4,096 எழுத்துகளுக்கே இடம் தந்தது. நீண்ட பாடமாயின் அவ்விடம் நிரம்பிவிடும். பாதியில் விட்ட மாணவர் மீண்டும் வந்தால் முதலிலிருந்து தொடங்க நேரும். "விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி வேண்டும்" என்று கருவி செய்தவரை நோக்கிக் குரலெழுப்பினாலும், தடை இருப்பது தரநிலையில். பின்னர் வந்த ஸ்கோர்ம் 2004இன் நான்காம் பதிப்பில் இது 64,000 எழுத்துகளாக உயர்த்தப்பட்டது. ஆகவே கோரிக்கை விடுக்குமுன் அது யாருடைய கையில் உள்ளது என அறிவது அவசியம்.

ஏன் மறுக்கிறார்கள்?

ஒரு புதிய வசதி என்பது ஒரு புதிய பொத்தான் மட்டுமல்ல. அது ஏற்கனவே அமைக்கப்பட்ட பாடங்களைக் கெடுக்கக்கூடாது. கணினியிலும் கையடக்கத் தொலைபேசியிலும் ஒருங்கே இயங்கவேண்டும். பல மொழிகளுக்குப் பெயர்க்கப்படவேண்டும். வருடக் கணக்கில் பராமரிக்கப்படவேண்டும். இருந்த வசதியே இல்லாமற்போவதும் உண்டு. அடோபி நிறுவனம் 2023இல் கப்டிவேட்டை முற்றிலும் புதிதாகக் கட்டியெழுப்பி வெளியிட்டபோது, பழைய பதிப்பிலிருந்த வசதிகள் பல அதில் இருக்கவில்லை. பழகியவர்கள் அவற்றைத் திரும்பக் கேட்டனர். பழைய பதிப்பும் வேறு பெயரில் தொடர்ந்து கிடைத்தது.

வணிக மென்பொருளில் எதனை முதலில் செய்வதென்பதை நிறுவனம் முடிவுசெய்கிறது. எத்தனை வாடிக்கையாளர் கேட்டனர் என்பது அங்கே முக்கியம். திறந்த மூல மென்பொருளில் நிலைமை சற்று வேறு. அவுஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் உருவாக்கிய மூடில், 2002இல் தன் முதற் பதிப்பை வெளியிட்டது. அதன் குறைகளும் கோரிக்கைகளும் எவரும் பார்க்கக்கூடிய பதிவேட்டில் இலக்கமிட்டு வைக்கப்படுகின்றன. பிறர் அவற்றுக்கு வாக்களிக்கலாம். 2015இல் தொடங்கிய மூடில் பயனர் சங்கத்தில், உறுப்பினர் தந்த பணத்தைக் கொண்டு எவ்வசதியைச் செய்வதென உறுப்பினர்களே வாக்களித்துத் தீர்மானித்தனர். செய்நிரல் தெரிந்தவர் தமக்கு வேண்டியதைத் தாமே எழுதிச் சேர்க்கவும் முடியும். எச்5பி முதலில் இவ்வாறு துணைச்செருகலாகவே மூடிலுக்குள் வந்தது. 2019 நவம்பரில் வெளியான 3.8 பதிப்பிலிருந்து அது உள்ளமைந்த வசதியாயிற்று.

வாக்கு எண்ணிக்கை நியாயமா?

ஆனால் வாக்குகளை எண்ணி முடிவெடுப்பதில் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. இழுத்துப் பொருத்தும் வினாவை எடுத்துக்கொள்வோம். சுட்டியால் சொல்லை இழுத்து உரிய இடத்தில் விடவேண்டும். பார்வையற்ற மாணவிக்கோ கை நடுக்கமுள்ள மாணவிக்கோ இது இயலாது. இவர்கள் எண்ணிக்கையில் குறைவு. இழுத்தலுக்கு மாற்றுவழி கேட்டால் வாக்குகள் அதிகம் விழா. அழகான நிறங்கள் கேட்டால் ஆயிரம் பேர் கைதூக்குவர். இங்கேதான் பழமொழியும் போதாமற் போகிறது. அழ முடியாத பிள்ளைக்குப் பால் கொடுப்பது யார்?

சட்டமும் தரநிலையும் அக்கடமையை ஏற்கின்றன. அமெரிக்கக் கூட்டரசு நிறுவனங்கள் வாங்கும் தொழினுட்பம் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கதாக இருக்கவேண்டுமென 1998இல் சட்டம் திருத்தப்பட்டது. அணுகுதன்மைக்கான அனைத்துலக வழிகாட்டியின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு, இழுத்தல் இன்றியமையாததாக இருந்தாலன்றி, இழுத்துச் செய்யும் எதற்கும் இழுக்காமலே செய்யத்தக்க மாற்றுவழி இருக்கவேண்டும் என்கிறது. எனவே சிறு தொகையினரின் தேவையைக் கேட்கும்போது, "இத்தனை பேர் கேட்கிறோம்" என்பதைவிட "இத்தரநிலை இவ்வாறு கூறுகிறது" என்பதே வலிமையான வாதம்.

எப்படிக் கேட்பது?

"தமிழ் சரியாக வேலை செய்யவில்லை, உடனே திருத்தவும்" என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. நல்ல கோரிக்கையில் சில கூறுகள் உண்டு. முதலாவது, தேவை. பொத்தானைக் கேட்காமல் செய்ய முயன்ற வேலையைச் சொல்லவேண்டும். நாம் நினைத்ததைவிட எளிய தீர்வு அவர்களிடம் இருக்கக்கூடும். இரண்டாவது, சான்று. பதிப்பு இலக்கம், செய்த படிகள், எதிர்பார்த்தது, கிடைத்தது என்பனவற்றை வரிசையாக எழுதவேண்டும். 'கொழும்பு' உதாரணமாயின் இரண்டு வடிவங்களையும் ஒட்டி அனுப்பவேண்டும். மூன்றாவது, பாதிப்பு. சரியான விடை எழுதிய மாணவி புள்ளியை இழக்கிறாள் என்பதைச் சொல்லவேண்டும். நான்காவது, தேடல். முன்பே எவராவது கேட்டிருந்தால் புதிதாகத் தொடங்காமல் அங்கேயே நம் உதாரணத்தைச் சேர்க்கவேண்டும். ஒரு கோரிக்கையில் ஒரு விடயம் மட்டுமே இருக்கவேண்டும். மரியாதை எப்போதும் இருக்கவேண்டும். மறுமுனையில் இருப்பவரும் வேலைப்பளுவுள்ள ஒரு மனிதரே.

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவிகள் இதனை ஒரு பயிற்சியாகவே செய்து பார்க்கலாம். ஆசிரியை பயன்படுத்தும் கருவியில் தமிழுக்குள்ள ஒரு குறையைக் கண்டுபிடித்து, மேற்சொன்ன முறைப்படி ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எழுத்திலக்கணம் கற்ற ஒருத்தியும் கணினி கற்ற ஒருத்தியும் சேர்ந்து எழுதினால் இன்னும் சிறப்பு. கொம்பும் அரவும் எதுவென அறிந்தவர்கள் சொல்லாவிட்டால், அதனை அறியாதவர்கள் எவ்வாறு திருத்துவார்கள்? நாளை ஏதோ ஒரு கிராமத்துப் பாடசாலையில் 'கொழும்பு' என்று எழுதும் சிறுமிக்கு அவளுக்குரிய புள்ளி கிடைப்பது, இன்று நாம் எழுதும் அந்த ஒரு பக்கத்தில் தங்கியிருக்கக்கூடும்.